சத்தமாய் வாசித்த காசோலைகள்

கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் மேல்மாடிக் கந்தோரில் 2009 ஆம் ஆண்டு கணக்கெழுதச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே எனக்கு ஒப்படைக்கப்பட்டது வாசிக்கும் வேலை. பின்னேரம் நான்கு மணிக்குப் பிளேன்டீ வந்து போனதும், கணக்கர் ஐயா இரும்புப் பெட்டகத்தைத் திறந்து, றப்பர் பாண்ட் போட்ட காசோலைக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். நான் தடித்த சீஆர் கொப்பியைத் திறந்து, மறுநாள் வங்கியில் போடவேண்டிய காசோலைகளின் விபரத்தை வரிவரியாகச் சத்தமாய் வாசிக்க வேண்டும். "ஆறாம் திகதி, குருநாகல், ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்" என்று நான் வாசிக்க, அவர் அந்தக் காசோலையை உருவி, திகதியையும் தொகையையும் கையொப்பத்தையும் பார்த்துவிட்டு "ம்" என்பார். அந்த "ம்" வராமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இதைவிட வீணான வேலை உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

புறக்கோட்டையிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் மொத்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லொறியில் ஆணியும் பூட்டும் பிணைச்சலும் பிவிசி குழாயும் வெளியூர்க் கடைகளுக்குப் போகும். அங்கிருந்து காசு வராது, பின்திகதியிட்ட காசோலை வரும். மூன்று கிழமை, 45 நாள், 60 நாள், நன்கு பழகியவர் என்றால் 90 நாள். திகதிக்கு முன்னர் போட்டால் வங்கி திருப்பிவிடும், வாடிக்கையாளருடன் மனக்கசப்பும் வரும். திகதி கடந்து நாட்கணக்கில் வைத்திருந்தால், அவருடைய கணக்கில் கிடந்த பணம் வேறு யாருக்கோ போய்விடும். எங்கள் பெட்டகத்தில் எந்த நேரத்திலும் 200 முதல் 300 காசோலைகள் வரை கிடந்தன. "இன்றைக்கு எந்தச் செக்?" என்ற ஒரு கேள்விக்குத் தினமும் பிழையில்லாமல் விடை சொல்வதில்தான் நிறுவனத்தின் மூச்சே தங்கியிருந்தது.

நிறுவனம் காசு கொடுத்து வாங்கிய கணக்கு மென்பொருள் ஒன்றும் இருந்தது. காசோலை கைக்கு வந்த அன்றே பணம் வந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்ளும். பெட்டகத்துக்குள் இரண்டு மாதம் தூங்கும் காசோலை என்ற ஒன்றை அது அறியவே அறியாது. அப்படி ஒரு வசதியைச் சேர்த்துத் தர முடியுமா என்று விற்றவர்களிடம் கேட்டோம். அவர்கள் சொன்ன விலை என்னுடைய நான்கு மாதச் சம்பளம். முதலாளி அந்தக் கடிதத்தை மடித்து மேசை இலாச்சிக்குள் போட்டார், அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

2014 இல், மூன்று சனிக்கிழமைப் பின்னேரங்களில், எக்செல்லில் நானே ஒன்றைச் செய்தேன். ஏஏடி என்ற கணக்கியல் வகுப்பில் கற்றது கொஞ்சம், இணையத்தில் பார்த்துப் பழகியது மீதி. ஒரு தாளில் காசோலை விபரம் பதிய வேண்டும். மற்றத் தாளைத் திறந்தால் அன்று போடவேண்டியவை மட்டும் வரிசையாக நிற்கும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஒரு விடயம் எனக்கு மிகுந்த பெருமையைத் தந்தது. எங்கள் நாட்டில் மாதம் தவறாமல் போயா என்ற பௌர்ணமி விடுமுறை வரும், வங்கி பூட்டியிருக்கும். காசோலையின் திகதி போயாவிலோ வேறு வங்கி விடுமுறையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ விழுந்தால், அடுத்த வேலை நாளுக்கு அதைத் தானாகத் தள்ளும்படி செய்திருந்தேன். ஒவ்வொரு ஜனவரியிலும் அவ்வாண்டின் விடுமுறைகளை நானே ஒரு தாளில் தட்டச்சுச் செய்து வைப்பேன். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குப் போயா என்றால் என்னவென்றே தெரியாது, என்னுடையதற்குத் தெரியும் என்று வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் நண்பர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

வேலைசெய்பவனே தன் வேலைக்குரிய கருவியைச் செய்துகொள்வதில் இருக்கும் பலம் இதுதான் என்று இன்றும் நம்புகிறேன். விதிவிலக்கு அவனுக்குத்தான் தெரியும். வியாபாரத்துக்குக் கணினி வந்த கதையே அப்படித்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் தேநீர்க்கடைகளும் வெதுப்பகமும் நடத்திய லயன்ஸ் என்ற நிறுவனம், விற்பனைக்குக் கணினி எதுவும் கிடைக்காத காலத்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இயந்திரத்தை முன்மாதிரியாக வைத்துத் தனக்கென்று ஒரு கணினியைக் கட்டியது. லியோ என்று பெயரிடப்பட்ட அது 1951 இல் வெதுப்பகக் கணக்கைப் போடத் தொடங்கிற்று. அதற்கான வேலைமுறைகளை வகுத்தவர்களில் முதன்மையானவர் டேவிட் காமினர். அந்நிறுவனத்திலேயே அலுவலக முறைகளைக் கவனித்து வந்தவர் அவர். சில ஆண்டுகளில் தேநீர்க்கடைகளின் அன்றாட ஓர்டரும் அதற்குள் வந்தது. ஒவ்வொரு கடைக்கும் கிழமையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வழமையான ஓர்டர் உள்ளே இருக்கும்; கடை மேலாளர் தொலைபேசியில் மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும். முழுப் பட்டியலையும் தினமும் சொல்லத் தேவையில்லை என்பது கடை எப்படி ஓடுகிறது என்று அறிந்தவருக்குத்தான் தோன்றும். எங்கள் மலைநாட்டுத் தேயிலையும் அந்தக் கோப்பைகள் சிலவற்றுக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எக்செல்லுக்கு மூத்த பிள்ளையான விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளும் அவ்வகையே. ஹார்வர்டில் வணிக முகாமைத்துவம் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைத் தொடர்ந்த எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டு யோசித்தார். பொப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் செய்த விசிகால்க் 1979 இல் விற்பனைக்கு வந்தது. அன்றுமுதல் கணக்கெழுதுகிற எவரும் தன்னை அறியாமலே அரைகுறைப் புரோகிராமர்தான். பெரிய நிறுவனங்களின் கணினிப் பிரிவினர் இப்படி ஊழியர்கள் தாமாகச் செய்துகொள்பவற்றை நிழல் என்கிறார்கள். எங்கள் கந்தோரில் நிழல் விழுவதற்கு முதலில் ஒரு கணினிப் பிரிவு இருந்திருக்க வேண்டுமே.

என் கோப்பு வந்த பின்னர் நான்கு மணி வாசிப்பு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முதல் மாதம் கணக்கர் ஐயா அச்சிட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வாசிக்கச் சொன்னார்; "பட்டியலிலேயே இருக்கிறதே ஐயா, பிறகு ஏன்?" என்று நான் சிரித்தேன். இரண்டாம் மாதம் அவர் தாமாகவே பார்த்துக்கொண்டார். மூன்றாம் மாதம் நானே காசோலைகளை எடுத்துப் பையனிடம் வங்கிக்குக் கொடுத்தனுப்பத் தொடங்கினேன். அடுத்த ஆண்டு அவர் ஓய்வுபெற்று யாழ்ப்பாணம் போய்விட்டார். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தவன் என்று முதலாளி எனக்குச் சம்பளம் கூட்டினார்.

2016 சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து திரும்பியபோது மேசையில் புதிய கணினி இருந்தது. ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பழைய கோப்பை அதில் திறந்து பதியத் தொடங்கினேன். அடுத்த சில நாட்களில் ஒரு வினோதம் தென்பட்டது. 12 ஆம் திகதிக்கு மேற்பட்ட திகதிகளை இட்டால் அவை கட்டத்தின் இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன, பட்டியலிலும் வரவில்லை. புதிய கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தது, அதாவது முதலில் மாதம், பிறகு நாள். 25/05 என்று இட்டால், இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாதபடியால், எக்செல் அதைத் திகதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. நான் அப்படிப்பட்டவற்றைத் தேடிப் பிடித்து, மாதத்தின் பெயரை எழுத்தில் இட்டு ஒவ்வொன்றாகத் திருத்தினேன். வேலை முடிந்தது என்று தேநீர் குடிக்கப் போனேன்.

நான் திருத்தியவை முறைப்பாடு செய்தவற்றை மட்டுமே. 06/05 என்று இட்ட காசோலை எந்த முறைப்பாடும் செய்யவில்லை. மே 6 ஆம் திகதிக்குரிய அதை எக்செல் ஜூன் 5 என்று மிக ஒழுங்காக வலது பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தது. 12 ஆம் திகதி வரையான எல்லாமே அப்படித்தான், நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தவற்றைத் தவிர. ஜூன் 5 ஞாயிற்றுக்கிழமை. நான் பெருமைப்பட்ட அந்தத் தள்ளிவிடும் வசதி அதைப் பவ்வியமாக 6 ஆம் திகதி திங்கட்கிழமைக்குத் தள்ளியது. அன்று காலை பட்டியலில் வந்த காசோலையை வங்கிக்குக் கொண்டுபோகப் படியிறங்கிய பையன், பாதிவழியில் நின்று, அதன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "அண்ணே, இதில போன மாதமல்லோ போட்டிருக்கு?"

அது வெல்லம்பிட்டியில் கடை வைத்திருந்த ஒருவருடைய காசோலை. இடையில், மே மாத நடுப்பகுதியில், களனி ஆறு பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கமெல்லாம் கூரைவரை தண்ணீர் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். காசோலையைப் போடப்போகிறோம் என்று சொல்வதற்காக முதலாளி அவரை அழைத்தார். மறுமுனையில் இருந்தவர் முதலாளியைப் பேசவே விடவில்லை. ஆறாம் திகதிச் செக்கைப் போடாமல் விட்டீர்கள், அந்தக் காசு கையில் இருந்தபடியால்தான் வெள்ளத்துக்குப் பிறகு கடையைக் கழுவி அலமாரி அடித்தேன், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும் என்று நாத்தழுதழுக்கச் சொல்லிக்கொண்டே போனார். முதலாளி "பரவாயில்லை, பரவாயில்லை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நாங்கள் வேணுமெண்டா வைச்சிருந்தனாங்கள்?"

அன்று இரவு ஒன்பது மணிவரை பெட்டகத்தில் இருந்த எல்லாக் காசோலைகளையும் வெளியே எடுத்துக் கோப்புடன் ஒப்பிட்டோம். ஜூன் 2 ஆம் திகதிக்குரிய சில, பெப்ரவரி 6 என்று பதிவாகிக் கிடந்தன. அவை பட்டியலில் என்றைக்குமே வந்திருக்கமாட்டா, ஏனென்றால் என் கோப்பு "இன்று எது?" என்று மட்டும் கேட்டது, "இன்றைக்கு முன்னர் போடாமல் விட்டது எது?" என்று கேட்க நான் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சீஆர் கொப்பியில் கணக்கர் ஐயா விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வரும்போது, சிவப்புக் கோடு போடாத பழைய வரி ஏதும் இருந்தால் விரல் தானாக அதில் நிற்கும். அதை அவர் எனக்கு விதியாகச் சொன்னதில்லை. சொல்லாததால் நான் அதைக் கோப்பில் போடவுமில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று எனக்குச் சில நாட்கள் கழித்தே உறைத்தது. பழைய வாசிப்பின் நடுவில் பேச்சு ஓடும். "வெல்லம்பிட்டி" என்று நான் வாசித்தால், கீழே ஸ்டோரிலிருந்து கணக்குக் கொடுக்க வந்த நானா "அங்கே தண்ணி ஏறிட்டுது" என்பார்; விற்பனைக்குப் போய்வரும் பையன் "அவர் இந்த மாதம் ஓர்டர் குறைச்சிட்டார்" என்பான்; முதலாளி கண்ணாடி அறைக்குள் இருந்தே "அதை ஒரு பக்கம் வையுங்கோ" என்பார். யாருக்கு எவ்வளவு கடன், எவ்வளவு காலம் என்ற தீர்மானங்களில் பாதி அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நடந்திருக்கிறது. நான் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் அதுதான். திகதி ஒழுங்காகப் பதிவாகியிருந்தாலும் என் கோப்பு மே 6 ஆம் திகதி காசோலையைப் போடச் சொல்லியிருக்கும். ஆனால் வெள்ளத்துக்குப் பிந்திய கிழமைகளில் அதே பகுதிக் கடைகளின் மற்றக் காசோலைகளையும் அது கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னது. நானும் போட்டேன். இரண்டு திரும்பின.

திகதி விடயத்தில் நான் தனியாள் அல்லன் என்பது பின்னர் வாசித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மனித மரபணுக்கள் சிலவற்றின் குறியீடுகள் 'மார்ச்1', 'செப்ட்1' என்று இருந்தபடியால், ஆய்வாளர்கள் எக்செல்லில் இட்டவுடன் அவை மார்ச் முதலாம் திகதியாகவும் செப்டெம்பர் முதலாம் திகதியாகவும் மாறிவிட்டன. எக்செல்லில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததை 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நான் பெட்டகத்தின் முன் உட்கார்ந்திருந்த அதே ஆண்டு. முடிவில் 2020 இல், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு எக்செல்லுக்காகத் தன் பெயர்களையே மாற்றிக்கொண்டது. 'மார்ச்1' இப்போது 'மார்ச்எஃப்1', 'செப்ட்1' இப்போது 'செப்டின்1'.

சத்தம் போடும் பிழைகள் நல்ல பிழைகள். அடுத்த ஆண்டு முகவரிச் சீட்டுகளை அச்சிட ஒன்று செய்யப் போனேன். வெளியூர் வாடிக்கையாளர் முகவரிகளை முன்னர் இருந்தவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். பாமினியில் இருப்பது உண்மையில் தமிழ் எழுத்தே அன்று. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள், மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கும். முகவரிகளுக்குள் காற்புள்ளி வருகிறதே என்று யோசித்து, நிரல்களைப் பிரிக்கும் குறியாக அரைப்புள்ளியைத் தெரிவுசெய்தேன். புள்ளி வைத்த இடமெல்லாம் ஊர்கள் பிளந்தன. புத்தளம் இரண்டாயிற்று, 'புத' ஒரு கட்டத்தில், 'தளம' அடுத்த கட்டத்தில். மட்டக்களப்பு நான்கு துண்டுகளாகி, 'மட', 'டக', 'களப', 'பு' என்று தாளின் நடுவரை போனது. கந்தோர் முழுவதும் ஒரு கிழமை என்னை 'டக' என்று கூப்பிட்டது. ஒரு சதமும் நட்டமில்லை. அன்று பின்னேரமே யுனிகோடுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

சத்தம் போடாத பிழைக்கு என் கோப்பைவிடப் பெரிய சாட்சி 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தில் வெளிவந்தது. கொவிட் தொற்றுக்குள்ளானவர்களின் விபரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்த பொதுச் சுகாதார நிறுவனம், பழைய வகை எக்செல் கோப்பில் அவற்றை ஏற்றியது. அந்த வகைக் கோப்பில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. நிரம்பியதன் பின் வந்தவை வெளியே விழுந்தன. 15,841 பேரின் விபரம் பல நாட்களாக அன்றாடக் கணக்கில் சேரவில்லை, அவர்களுடன் பழகியவர்களைத் தேடுவதும் பிந்தியது. அதே ஆண்டு இங்கே ஊரடங்கு. மார்ச் 20 ஆம் திகதி பூட்டிய கந்தோரை இரண்டு மாதத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. காசோலைகள் பழைய சோனகத் தெருப் பெட்டகத்தில். கோப்பின் பிரதியோ வெள்ளவத்தைத் தொடர்மாடியில், என் பென் டிரைவில். முதலாளி தினமும் தொலைபேசியில் கேட்பார், நான் அமைச்சர்போல உட்கார்ந்து பதில் சொல்வேன். ஒரு நிறுவனத்தின் கடன் விபரம் முழுவதும் என் மகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவில் கிடக்கலாமா என்ற கேள்வி அப்போது எங்கள் இருவருக்கும் எழவில்லை.

வாசிப்பைத் திரும்பக் கொண்டுவந்தது மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. ஜெனரேற்றருக்கு டீசலும் இல்லை. மின்சாரம் இருக்கும் நேரத்தில் அடுத்த சில நாட்களுக்குரிய பட்டியலை அச்சிட்டு வைத்துக்கொண்டு, பின்னேரம் யன்னலோரத்தில் உட்கார்ந்து, நான் காசோலைகளைப் பிடிக்க, அன்று படியிலிருந்து திரும்பி வந்த அதே பையன் வாசித்தான். ரூபாயின் பெறுமதி அந்த மாதம் சரியத் தொடங்கியிருந்த நேரம். டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது போய், மே மாதத்துக்குள் 360 வரை ஏறிற்று. யார் தாக்குப் பிடிப்பார், யார் பிடிக்கமாட்டார் என்ற பேச்சில்லாமல் ஒரு வரியும் நகரவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒன்றைச் சொன்னார்கள். மின்சாரம் ஒழுங்காக வந்த பிறகும் நாங்கள் அதை நிறுத்தவில்லை.

அதன் பலன் அவ்வாண்டு ஜூன் மாதமே தெரிந்தது. பெறுமதிசேர் வரி அம்மாதம் முதலாம் திகதி 8 வீதத்திலிருந்து 12 வீதமாகியது. விற்பனைப் பில்களின் நிலுவையையும் இதற்குள் என் கோப்பில் சேர்த்திருந்தேன். வரி வீதத்தை ஒரே கட்டத்தில் வைத்து, எல்லா வரிகளும் அதையே பார்க்கும்படி செய்திருந்ததை நான் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். 8 ஐ அழித்து 12 போட்டேன், முடிந்தது. அன்று நான்கு மணிக்குப் பையன் வாசித்தான், "கண்டி, ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்". என் கையில் இருந்த காசோலையில் ஒரு லட்சத்து எட்டாயிரம். என்னால் "ம்" சொல்ல முடியவில்லை. மே மாதத்தில் 8 வீத வரியுடன் கொடுத்த பில்கள் எல்லாம் ஒரே இரவில் 12 வீதத்துக்கு ஏறி நின்றன. அன்றே பிடிபட்டிராவிட்டால் மாதமுடிவில் எல்லா வாடிக்கையாளருக்கும் பிழையான கணக்கறிக்கை போயிருக்கும். இப்போது வரி வீதங்களுக்கென்று தனியே ஒரு தாள் இருக்கிறது, எந்தத் திகதியிலிருந்து எது என்று: 2019 டிசெம்பர் 1 முதல் 8, 2022 ஜூன் 1 முதல் 12, செப்டெம்பர் 1 முதல் 15, 2024 ஜனவரி 1 முதல் 18. பில்லின் திகதி எதுவோ அதற்குரிய வீதம். மே மாதத்து ஆணிப் பெட்டி செப்டெம்பரில் திரும்பி வந்தாலும் 8 வீதத்திலேயே வரவு வைக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கிவிட்டது.

இரண்டாண்டுகளுக்கு முன்னர் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கை வேலைக்குச் சேர்ந்தாள். என் கோப்பை ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தாள். அடுத்த கிழமை கூகிள் ஷீட்ஸில் அதையே புதிதாகச் செய்துகொண்டு வந்தாள், கைபேசியிலும் திறக்கும்படி. எனக்கு மூன்று சனிக்கிழமை பிடித்ததை, செயற்கை நுண்ணறிவிடம் சொல்லிச் சொல்லி இரண்டு இரவில் முடித்திருந்தாள். பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் எழுதினாளாம், அதற்கு எல்லாம் விளங்கியதாம். இப்படி நோக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு, வரும் கட்டளைகளைப் பார்க்காமலே ஏற்றுக்கொள்ளும் முறைக்கு 2025 பெப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் அன்ட்ரே கர்பாதி 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார். பெயர் வருவதற்கு முன்னரே எங்கள் கந்தோருக்கு விடயம் வந்துவிட்டது.

அவள் காட்டியதைப் பார்த்து எனக்குப் பொறாமையும் பயமும் ஒன்றாக வந்தன. போயாவைப் பற்றிக் கேட்டேன், இருந்தது. போடாமல் விட்டவற்றைக் காட்டுமா என்று கேட்டேன், சிவப்பில் காட்டியது. பிறகு அந்தக் கட்டளைகளைத் திறந்து பார்த்தபோது, மாதத்திலிருந்து ஒன்றைக் கழிக்கும் ஒரு வரி கண்ணில் பட்டது. திகதியில் சூடுபட்ட பூனை நான். இது ஏன் என்றேன். "தெரியாது அண்ணா, கேட்காமலே போட்டுத் தந்தது" என்றாள். பிழை, எடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்து, இருக்கட்டும் என்று தேடிப் பார்த்தேன். கூகிள் ஷீட்ஸுக்கான கட்டளைகள் எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் மாதங்கள் பூச்சியத்திலிருந்து எண்ணப்படுகின்றன, ஜனவரி 0, டிசெம்பர் 11. ஒன்றைக் கழித்ததுதான் சரி. பத்து ஆண்டு அனுபவத்தில் நான் அதை எடுத்திருந்தால் எல்லாக் காசோலைகளும் ஒரு மாதம் பிந்தியிருக்கும். அவளுக்கு ஏன் சரி என்று தெரியவில்லை, எனக்கு ஏன் பிழையில்லை என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் எங்கள் இருவரில் எவரை நம்பியும் முதலாளி ஒரு செக்கைப் போட்டிருக்கக்கூடாது.

பிறகு நானே ஒரு வெற்றுக் கட்டத்தில் 06/05 என்று இட்டேன். திரை ஜூன் 5 என்று காட்டியது. அவளுடைய கோப்பும் அமெரிக்க அமைப்பிலேயே இருந்தது. "ஐயோ அண்ணா" என்றாள். வெல்லம்பிட்டிக் கதையை அவளுக்கு அன்றுதான் சொன்னேன். அன்றே அமைப்பை மாற்றினாள், திகதியை நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டங்களில் தனித்தனியே பதியும்படியும் செய்தாள். காசோலைகளைப் படமெடுத்துச் செயற்கை நுண்ணறிவையே வாசிக்கச் சொல்லலாம் என்ற அவளுடைய அடுத்த யோசனைக்கு மட்டும் நான் இடங்கொடுக்கவில்லை. காசோலையில் ஒருவருடைய கணக்கு இலக்கமும் கையொப்பமும் இருக்கின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது, இது பழைய பென் டிரைவ் காலம் அல்ல.

என் எக்செல் கோப்பு இப்போது திறக்கப்படுவதில்லை. கோப்பு யாருடைய பெயரில் இருக்க வேண்டும், கடவுச்சொல் யாரிடம் இருக்க வேண்டும், அவள் விலகிப் போனால் என்ன என்பதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி முதலாளியின் இலாச்சிக்குள், மென்பொருள் விற்றவர்களின் அந்தப் பழைய கடிதத்துக்கு மேல், வைத்திருக்கிறோம்.

நான்கு மணிக்குப் பிளேன்டீ வருகிறது. அவள் கைபேசியைப் பார்த்து வாசிக்கிறாள், நான் கட்டை மடியில் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு நாள், "எட்டாம் திகதி, சிலாபம், எழுபத்தையாயிரம்" என்று அவள் வாசித்தபோது நான் "ம்" சொல்வதற்கு முன்னர், கண்ணாடி அறைக்குள் இருந்து முதலாளியின் குரல் வந்தது.

"அவர்ட மகளுக்கு அந்தக் கிழமை கலியாணம். பதினைஞ்சுக்குப் பிறகு போடுங்கோ."

"சரி முதலாளி. ஆனால் இதை எங்கே பதியிறது? திகதியை மாத்தினால் செக்கோட ஒத்துவராதே."

முதலாளி பதில் சொல்லவில்லை, அவர் ஏற்கெனவே வேறு அழைப்பில் இருந்தார். அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைசி நிரலுக்கு அப்பால் புதிதாக ஒரு நிரலைச் சேர்த்து, அதன் தலையில் 'முதலாளி சொன்னது' என்று எழுதி, கீழே கலியாணத்தைப் பதிந்துவிட்டு, அடுத்த வரியை வாசித்தாள்.